அட்டை இல்லாத டைவருக்கு: முன் அனுபவத்தைக் காட்டிச் சான்றிதழ் பெறும் வழி

பல வருடம் தண்ணீருக்கடியில் உழைத்தவரிடம் போய், "முதலில் பயிற்சிப் பள்ளியில் சேருங்கள்" என்று சொன்னால் அவருக்குக் கோபம் வருவது நியாயம்தான். கப்பலின் அடிப்பகுதியைச் சுரண்டியிருப்பார். ப்ரொப்பல்லரில் சுற்றிக்கொண்ட கயிற்றை அறுத்து எடுத்திருப்பார். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத கலங்கலில் கையால் தடவியே போல்ட் முடுக்கியிருப்பார். சான்றிதழ் அட்டை மட்டும் இருக்காது. அது இல்லாதவரைப் பெரிய ஒப்பந்ததாரர்கள் வாசலைத் தாண்டி விடமாட்டார்கள். இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் முன் அனுபவ அங்கீகாரம் என்ற வழி இருக்கிறது. முழுப் படிப்பையும் முதலிலிருந்து படிக்க வேண்டாம். தெரிந்ததை நிரூபிக்க வேண்டும், தெரியாததை மட்டும் கற்றுக்கொள்ள வேண்டும்.

நான் டைவராக இருந்து சூப்பர்வைசர் ஆனவன். இந்த வழியில் விண்ணப்பிப்பவர்களின் கோப்புகளைப் படித்து, பிறகு அவர்களைத் தண்ணீரில் இறக்கிப் பார்த்து மதிப்பிடும் வேலையும் செய்கிறேன். திருப்பி அனுப்பப்படும் கோப்புகளில் பெரும்பாலானவை வேலை தெரியாதவர்களுடையவை அல்ல. தாங்கள் செய்த வேலைக்குச் சாட்சி சேர்த்து வைக்காதவர்களுடையவை. அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் காகிதத்தைப் பற்றித்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த அட்டை, எத்தனை மீட்டர்

"கமர்ஷியல் டைவர் சான்றிதழ்" என்று பொதுவாக ஒன்று கிடையாது. எந்தக் கருவியோடு, எந்த ஆழம் வரை என்பதை ஒவ்வொரு அட்டையும் வரையறுக்கும். ஆஸ்திரேலியாவின் டைவர் சான்றளிப்புத் திட்டமான ஏடிஏஎஸ்ஸில் பார்ட் 1 என்பது 30 மீட்டர் வரை ஸ்கூபா, அதாவது முதுகுச் சிலிண்டரிலிருந்து மூச்சு வாங்கும் முறை. பார்ட் 2 அதே 30 மீட்டர் வரை, ஆனால் மேலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும் முறை. பார்ட் 3 அந்த முறையிலேயே 50 மீட்டர் வரை. பார்ட் 4 மூடிய பெல், அதாவது டைவர்களை அழுத்தத்தோடு ஆழத்துக்கு இறக்கும் மூடிய கூண்டு. 1982இல் உருவான சர்வதேச டைவிங் பள்ளிகள் சங்கமும் இரண்டாம் நிலைக்கு 30 மீட்டர், மூன்றாம் நிலைக்கு 50 மீட்டர் என்றுதான் பிரித்திருக்கிறது. கனடாவில் இதற்கென ஒரு சான்றளிப்பு வாரியம் உண்டு. அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட ஏடிசிஐ என்ற டைவிங் ஒப்பந்ததாரர் சங்கம் தனி அட்டைகள் தருகிறது. பிரிட்டனில் எச்எஸ்இ என்ற அரசு அமைப்பு.

எதற்கு விண்ணப்பிப்பது? நீங்கள் அடுத்து எங்கே வேலை செய்யப் போகிறீர்கள் என்பதிலிருந்து பின்னோக்கி யோசியுங்கள். மீன் பண்ணையிலும் துறைமுகத்திலும்தான் வேலை என்றால் 30 மீட்டர் அட்டை போதும். கடல்நடு எண்ணெய் மேடைதான் குறி என்றால் ஸ்கூபா அட்டையால் பயனில்லை. அங்கே ஸ்கூபாவை அனுமதிப்பதில்லை. ஐஎம்சிஏ என்ற சர்வதேச ஒப்பந்ததாரர் சங்கம், தான் ஏற்கும் டைவர் சான்றிதழ்களின் பட்டியலை வெளியிடுகிறது. பணம் கட்டும் முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள். அட்டை தரும் அமைப்பிடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: இந்த நிலைக்கு அனுபவ வழி இப்போது திறந்திருக்கிறதா? அந்த வழியில் வரும் அட்டைக்கும் பள்ளி வழியில் வரும் அட்டைக்கும் ஏதாவது வித்தியாசம் உண்டா? சில இடங்களில் சட்டம் மாறும்போது பழையவர்களுக்கு ஒரு காலக்கெடு கொடுப்பார்கள், பிறகு கதவு மூடிவிடும். யாராவது பெல் டைவிங் அட்டையை "அனுபவத்தின் பேரிலேயே, தண்ணீரில் இறங்காமலே" வாங்கித் தருவதாகச் சொன்னால் அவருடைய தொலைபேசி எண்ணை அழித்துவிடுங்கள்.

எந்த அனுபவம் செல்லும்

முத்துச் சிப்பி, அபலோன் என்ற கடல் நத்தை, கடல் அட்டை எடுப்பவர்கள் படகிலுள்ள சிறிய கம்ப்ரஸரிலிருந்து நீளக் குழாயில் காற்று வாங்கி வேலை செய்வார்கள். "மேலிருந்துதானே காற்று வந்தது, அப்படியானால் நான் சர்ஃபேஸ் சப்ளை டைவர்" என்பது அவர்கள் வாதம். மதிப்பீட்டாளர் ஒப்புக்கொள்ளமாட்டார். அந்த முறையில் மேலே இருப்பவரோடு பேச்சுத் தொடர்பு கிடையாது, முதுகில் அவசரக் காற்றுக்கான பெயில்அவுட் சிலிண்டர் கிடையாது, ஆபத்தென்றால் இறங்கி மீட்கத் தயாராக நிற்கும் ஸ்டாண்ட்பை டைவரும் பெரும்பாலும் கிடையாது. நீரில் கழித்த மணிநேரம் கணக்கில் வரும், அந்த முறை வராது. கடற்படை டைவர்கள் நேர் எதிர். சேம்பர் என்ற அழுத்தச் சிகிச்சை அறை, அட்டவணை, ஒழுங்கு எல்லாம் சுத்தமாக இருக்கும். ஹைட்ராலிக் கிரைண்டரையோ கட்டிங் டார்ச்சையோ வைத்து ஒரு முழு ஷிப்ட் வேலை செய்ததற்கான பதிவுதான் பல சமயம் குறைவாக இருக்கும். பொழுதுபோக்கு ஸ்கூபா பயிற்றுநர்கள் ஆயிரக்கணக்கில் டைவ் காட்டுவார்கள். தண்ணீரில் பதற்றமில்லாதவர் என்பதைத் தவிர அது வேறெதையும் நிரூபிக்காது. கொஞ்சம் கடுமையாகத் தோன்றும், ஆனால் சுற்றுலாப் பயணியைப் பவளப்பாறைக்குக் கூட்டிப் போவதும் மதகு வாயில் சங்கிலி மாட்டுவதும் வேறு வேறு தொழில்கள்.

விண்ணப்பம் எழுதும் முன், அந்த அட்டைக்கான திறன் பட்டியலைத் தரவிறக்கிக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் எதிரே உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்று எழுதுங்கள். "தெரியும்" என்று எழுதாதீர்கள். எந்தத் தேதி, எந்தப் பக்கம், யார் கையெழுத்து என்று எழுதுங்கள். வெற்றாக நிற்கும் வரிகள்தான் நீங்கள் படிக்க வேண்டிய பாடங்கள்.

லாக்புக்

நான் கோப்பைத் திறந்ததும் முதலில் போவது டைவ்களின் பதிவேடான லாக்புக்குக்குத்தான். நல்ல பதிவு ஒன்றில் தேதி, இடம், கப்பல் அல்லது கட்டுமானத்தின் பெயர், கருவி, சுவாசித்த வாயு, அதிகபட்ச ஆழம், மேல்மட்டத்தை விட்ட நேரம், அடிமட்ட நேரம், திரும்பிய நேரம், பயன்படுத்திய டிகம்ப்ரஷன் அட்டவணை (படிப்படியாக மேலே வருவதற்கான கணக்கு), செய்த வேலை, பயன்படுத்திய கருவிகள், ஏதேனும் கோளாறு, கடைசியில் சூப்பர்வைசரின் கையெழுத்தும் நிறுவன முத்திரையும் இருக்கும். பிரிட்டனின் 1997 டைவிங் விதிகள் தினசரிப் பதிவைக் கடைசிப் பதிவு நாளிலிருந்து குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கின்றன. சட்டம் கேட்பது அவ்வளவுதான். அனுபவ வழியில் வருகிறவர்கள் எல்லாவற்றையும், ஒரு பக்கம் விடாமல், நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும்.

"கப்பல் அடிப்பகுதி வேலை, 3 மணி நேரம்" என்ற பதிவால் எனக்கு ஒரு பயனுமில்லை. "கடல்நீர் உள்வாங்கும் துளையின் கம்பித் தட்டைக் கழற்றி, சிப்பி சுரண்டி, திரும்ப மாட்டினேன், மாட்டும் முன் பம்புகள் நிறுத்தப்பட்டுப் பூட்டு போடப்பட்டிருப்பதை சூப்பர்வைசர் உறுதி செய்தார்" என்ற பதிவு ஐந்து திறன்களுக்குச் சாட்சி சொல்லும். ஒரே நீல மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதப்பட்ட மூன்று மாதப் பதிவுகளும் என் மேசைக்கு வருவதுண்டு. பக்கத்தில் உப்புக்கறை இருக்காது, அடித்தல் திருத்தல் இருக்காது. எல்லா டைவும் சரியாக 18 மீட்டர், சரியாக 40 நிமிடம். ஓதம் ஏறி இறங்கும் துறைமுகத்தில் அப்படி நடக்காது. ஓதத்தின் கணக்கைத் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு அதிக நேரம் ஆகாது. பதிவு தொலைந்துபோனால் தொலைந்துபோனது என்றே எழுதுங்கள். நினைவிலிருந்து திரும்ப எழுதியதை அசல் என்று கொடுத்தால் உண்மையான பதிவுகளும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகும்.

லாக்புக் இல்லாதவர் என்ன செய்வது? ஆதாரம் வேறு இடங்களில் ஒளிந்திருக்கும். டைவ் திட்டம், வேலை அனுமதிச் சீட்டு, காலைக் கூட்டத்தில் எல்லோரும் கையெழுத்திட்ட தாள், சம்பளச் சீட்டு, வாடிக்கையாளருக்குப் போன விலைப்பட்டியல், கப்பலின் நாட்குறிப்பு என்று பல இடங்கள். இவற்றில் மிகப் பலமானது ஹெல்மெட் கேமராப் பதிவு. சூப்பர்வைசர் தேதியையும் வேலையையும் சொல்ல, நீங்கள் மூச்சு வாங்கியபடி பதில் சொல்லும் குரல் அதில் இருக்கும். அதைப் போலியாகத் தயாரிப்பதை விட டைவிங் கற்றுக்கொள்வது எளிது. நிறுவனம் மூடிவிட்டதென்றால் அன்றைய சூப்பர்வைசரைத் தேடிப் பிடியுங்கள். அவரும் கிடைக்காவிட்டால் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கலாம், ஆனால் அது தனியாக நிற்காது. பக்கத்தில் வேறு காகிதம் வேண்டும்.

நிறுவனக் கடிதம் வாங்கும்போது வாசகத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். "கடின உழைப்பாளி, நேர்மையானவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்" என்ற கடிதத்தை வைத்து என்ன செய்வது? எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தப் பொறுப்பில், எந்தக் கருவியில், எந்த ஆழ வரம்பில், என்னென்ன வேலைகள், சரிபார்க்க யாரைத் தொடர்புகொள்வது என்பவை வேண்டும். நாங்கள் நிஜமாகவே தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்போம்.

ஆஸ்திரேலியத் தொழிற்கல்வித் துறையில் ஆதாரத்துக்கு நான்கு குணங்கள் சொல்வார்கள்: பொருத்தம், போதுமான அளவு, அசல் தன்மை, காலப் புதுமை. முதல் மூன்றை எல்லோரும் ஊகித்துவிடுவார்கள். நான்காவதில்தான் பழைய கைகள் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் மிகச் சிறந்த வேலைகள் எல்லாம் வெகுகாலத்துக்கு முன்னால் என்றால், விண்ணப்பிக்கும் முன் சில மாதம் வேலை செய்து புதிய பதிவுகளைச் சேருங்கள்.

எப்போதும் காணாமல்போகும் நான்கு விஷயங்கள்

வேலை செய்தே கற்றவர்களிடம் குறைகள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் இருக்கும்: அவசரநிலை, ஸ்டாண்ட்பை பணி, சேம்பர், கணக்கு. காரணம் எளிது. தினசரி வேலை இவற்றைக் கேட்பதில்லை.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பயம் அதிலேதான். நான் அடிக்கடி கேட்கும் கேள்வி: முதுகில் 12 லிட்டர் சிலிண்டர், 200 பார் அழுத்தம். 30 மீட்டரில் காற்று நின்றுவிட்டது. நிமிடத்துக்கு 40 லிட்டர் மூச்சு என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு நேரம் இருக்கிறது? 30 மீட்டரில் மொத்த அழுத்தம் 4 பார். ஆகவே செலவு நிமிடத்துக்கு 160 லிட்டர். சிலிண்டரில் 2400 லிட்டர், வகுத்தால் 15 நிமிடம் என்று பலர் நிறுத்திக்கொள்வார்கள். ரெகுலேட்டர் ஒழுங்காக வேலை செய்யச் சுற்றுநீர் அழுத்தத்துக்கு மேல் சுமார் 10 பார் மிச்சம் வேண்டும். அப்படியானால் 14 பாரைக் கழிக்க வேண்டும். 186-ஐ 12-ஆல் பெருக்கினால் 2232 லிட்டர். 14 நிமிடம்கூட இல்லை. இந்த ஒரு நிமிட வித்தியாசத்தைவிட எனக்கு முக்கியம், அந்த 10 பாரை யோசித்தாரா என்பது. தாளில் எழுதிக் காட்டுகிறவர் திக்கித் திணறினாலும் பரவாயில்லை. "பார்த்துக்கொள்ளலாம்" என்கிறவரை இறக்கமாட்டேன்.

அழுத்த வேறுபாடு இன்னொரு கட்டாயக் கேள்வி. 10 மீட்டர் ஆழத்தில் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள துளை, மறுபுறம் வெறும் காற்று. அதன் வாயில் உடம்பு ஒட்டினால் இழுக்கும் விசை ஏறத்தாழ 700 கிலோ எடைக்குச் சமம். மேலே நின்று கயிற்றையும் குழாயையும் பிடிக்கும் எந்த டெண்டரும் இழுத்து மீட்க முடியாது. 2022 பிப்ரவரி 25 அன்று டிரினிடாடில் 30 அங்குல எண்ணெய்க் குழாய் ஒன்று ஐந்து டைவர்களை உள்ளே இழுத்துக்கொண்டது. ஒருவர் மட்டுமே உயிரோடு வெளியே வந்தார். அனுபவம் உள்ளவர்களையும் இது கொல்லும் என்பதால், "நான் கவனமாக இருப்பேன்" என்ற பதிலை ஏற்கமாட்டேன். எந்த வால்வை யார் மூடினார், எங்கே பூட்டு, சாவி யாரிடம், இரண்டு பக்க அழுத்தமும் சமமானதை எப்படிச் சரிபார்த்தீர்கள் என்ற வரிசை வேண்டும்.

சேம்பரில் நின்று ஒரு சிகிச்சையை இயக்கிப் பார்க்காதவர்கள் குறும்பயிற்சிக்குப் போவது நல்லது. அமெரிக்கக் கடற்படையின் சிகிச்சை அட்டவணை 6, 18 மீட்டர் அழுத்தத்தில் ஆக்சிஜனோடு தொடங்கி, நீட்டிப்பு இல்லாமலே 4 மணி 45 நிமிடம் ஓடும். அவ்வளவு நேரமும் பதிவு எழுதி, ஆக்சிஜன் இடைவேளைகளைக் கணக்கு வைத்து, உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அதைப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்து ஒப்பிக்கிறவர் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடுவார்.

தண்ணீரில் இறங்கும் நாள்

செயல்முறைத் தேர்வில் சரியாக வெல்டிங் செய்கிறாரா என்று மட்டும் பார்ப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். நான் பார்க்கத் தொடங்குவது அவர் ஹெல்மெட்டைத் தொடும் விநாடியிலிருந்து. நன்றாகப் பழகியவர், மேலிருந்து காற்று கொண்டுவரும் குழாய்க்கட்டான அம்பிலிக்கலை மாட்டும் முன் பெயில்அவுட்டை இணைத்து அவசர வால்வைத் திறப்பார், குழாய் மாட்டும் முனையருகே காதை வைத்துக் கேட்பார். உஸ் என்ற ஓசை வந்தால் அங்கேயுள்ள ஒருவழி வால்வு கசிகிறது. அந்த வால்வு பழுதாகி, மேலே குழாயும் அறுந்தால், ஹெல்மெட்டுக்குள் இருக்கும் காற்று குழாய் வழியாக மேல்நோக்கி ஓடிவிடும். 20 மீட்டரில் ஹெல்மெட்டுக்கு உள்ளும் வெளியும் அழுத்த வேறுபாடு 2 பார். அது டைவரின் முகத்தின் மேல் இறங்கும். இந்தச் சோதனையை யாரும் சொல்லாமல் செய்கிறவரைப் பார்த்ததும் எனக்குப் பாதி நிம்மதி. செய்யாதவர் தோல்வி என்று அர்த்தமில்லை, ஆனால் அதன்பின் ஒவ்வொரு அசைவையும் உற்றுப் பார்ப்பேன்.

நீருக்குள் போனதும் முன்னறிவிப்பின்றிக் காற்றை நிறுத்துவோம். அவசர வால்வைத் திறப்பது, மேலே சொல்வது, அம்பிலிக்கலைத் தொடர்ந்து திரும்புவது என்ற வரிசை கையில் இருக்க வேண்டும். ஆழம் அளக்க உதவும் நியூமோ குழாயைக் கழுத்து வளையத்துக்குள் செருகி அதன் வழியே காற்று வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் பழைய கைகள். அவர்களுக்கு என் மதிப்பெண் கூடும். பிறகு நீங்கள் ஸ்டாண்ட்பை. மயங்கிய டைவராக நடிப்பவரிடம் போய், அவருடைய ஹெல்மெட்டில் காற்று இடைவிடாமல் பாயும் ஃப்ரீ ஃப்ளோவைத் திறந்து, சிக்கல் எடுத்து, மேலே கொண்டுவர வேண்டும். இங்கேதான் நீரில் கில்லாடிகளும் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் இத்தனை வருடமும் ஸ்டாண்ட்பை என்றால் அவர்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் நேரம். ஒரு நண்பரை நடிக்கச் சொல்லி, தகுதியுள்ள சூப்பர்வைசர் மேற்பார்வையில் முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள்.

மேலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் திரும்பச் சொல்லுங்கள். மௌனமாகத் திறமை காட்டும் டைவரைப் பார்த்தால் சூப்பர்வைசருக்கு வயிற்றைக் கலக்கும்.

மருத்துவம், முதலுதவி

டைவிங் மருத்துவம் தெரிந்த டாக்டரிடம் உடல்தகுதிச் சான்று வாங்குங்கள். பெரும்பாலும் 12 மாதம்தான் செல்லும். கோப்பு சேர்க்கும் வேலை இழுத்துக்கொண்டே போகும் என்பதால் இதைக் கடைசியில் எடுங்கள், இல்லாவிட்டால் தேர்வு நாளில் காலாவதியாகியிருக்கும். ஆனால் காதிலோ நுரையீரலிலோ சந்தேகம் இருந்தால் முதலில் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள், மற்ற செலவெல்லாம் அப்புறம். முதலுதவிச் சான்றில் ஆக்சிஜன் கொடுக்கும் பயிற்சி உண்டா என்று பாருங்கள்.

முடிவு வந்த பிறகு

முழு ஒப்புதல், முழு மறுப்பு இரண்டுமே குறைவு. நடுவில் ஒன்று வரும்: இத்தனை திறன்கள் ஏற்கப்பட்டன, இவற்றுக்குக் குறும்பயிற்சி தேவை. அதை அவமானமாக எடுத்துக்கொண்டு கோப்பை மூடிவைப்பவர்கள் இருக்கிறார்கள். முழுப் படிப்பு பல வாரம் ஓடும். அதில் பெரும்பகுதியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் கேட்பது உங்களுக்கு லாபம்தான். மறுப்பு வந்தால் எந்தத் திறனில், எந்த ஆதாரம் போதவில்லை என்று எழுத்தில் கேளுங்கள். மறுபரிசீலனைக்கான காலக்கெடுவையும் சேர்த்துக் கேளுங்கள். "அனுபவம் போதாது" என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். ஒழுங்கான அமைப்பு திறன்வாரியாகப் பதில் தரும்.

அட்டை கைக்கு வந்ததும் அதில் அச்சான ஆழ வரம்பையும் கருவியையும் காலாவதித் தேதியையும் படியுங்கள். 30 மீட்டர் அட்டையோடு 35 மீட்டருக்கு இறங்கச் சொல்லும் முதலாளி கண்டிப்பாக வருவார், அன்று காப்பீடு உங்கள் பக்கம் நிற்காது. பெயரையும் பாருங்கள். பாஸ்போர்ட்டில் விரிவாகவும் அட்டையில் முதலெழுத்தாகவும் இருந்தால் அன்றே திருத்தக் கோருங்கள். கப்பல் கிளம்பும் காலையில் பெயர் பொருந்தவில்லை என்று வாசலில் நிறுத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.